விடை சரி, மதிப்பெண் மட்டும் ஏன் பாதி?

தொடக்க வகுப்புகளுக்குக் கணக்குத் தாள் திருத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நாலாம் வகுப்பு படிக்கும் என் மகளின் தேர்வுத்தாள் வீட்டுக்கு வந்தது. 4000இலிருந்து 1786ஐக் கழிக்க வேண்டும். இரண்டிலும் ஒன்றைக் குறைத்து, 3999 − 1785 என்று எழுதி, 2214 என்று விடை போட்டிருக்கிறாள். பக்கத்தில் சிவப்பு மையில் 'முறை தவறு', பாதி மதிப்பெண். விடை சரியாக இருந்து, வழிக்கும் காரணம் இருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

நீங்கள் எதிர்பார்த்தது கடன் வாங்கிக் கழிப்பதை. ஒன்றுகள் இடத்தில் 0, கடன் கேட்கப் போனால் பத்துகளிலும் 0, நூறுகளிலும் 0. கடைசியில் 4ஐ அடித்து 3 ஆக்கி, 9, 9, 10 என்று தலைக்கு மேல் பொடிப்பொடியாக எழுத வேண்டும். ஒரு 9 தவறி 10 ஆகிவிட்டால் போச்சு. பிள்ளைகள் இந்தப் பூஜ்யங்களில்தான் சறுக்குகிறார்கள் என்பது கட்டுக்கட்டாகத் திருத்துகிற உங்களுக்குத் தெரியாததா? அவள் வழியில் கடனே இல்லை. ஏன் குறைத்தாய் என்று கேட்டால், "ரெண்டுலயும் குறைச்சா வித்தியாசம் மாறாதுல்ல" என்கிறாள். இதற்கு மேல் என்ன முறை வேண்டும்?

எந்த வழி வேகம், எதில் தப்பு குறைவு என்பதெல்லாம் பழைய ஆராய்ச்சி. 1949இல் அமெரிக்காவில் பிரவுனெல், மோசர் என்ற ஆய்வாளர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். காரணம் சொல்லாமல் பழக்கியபோது, இரண்டு எண்ணிலும் பத்தைக் கூட்டிக் கழிக்கும் வழியைவிடக் கடன் வாங்கும் வழி பின்தங்கியது. புரியவைத்துச் சொல்லிக்கொடுத்தபோது அதே கடன் வாங்கும் வழி நன்றாக வந்தது; ஆக, வழியைவிடப் புரிதல்தான் முக்கியம். நம் நாட்டில் 2005 தேசியக் கலைத்திட்டத்தையொட்டிக் கணிதத்துக்கு அமைந்த குழுவும், கற்றுத்தந்த ஒரே வழியில்தான் விடை காண வேண்டும் என்ற பிடியிலிருந்து பள்ளிக் கணக்கை விடுவிக்கச் சொன்னது. குழுத் தலைவர், அப்போது சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஆர். ராமானுஜம்.

இதில் வேடிக்கை, சாயங்காலம் அதே பள்ளியில் தனிக் கட்டணத்துக்கு அபாகஸ் வகுப்பு. அங்கே 7ஐக் கழிக்க, 10ஐ எடுத்து 3ஐப் போடச் சொல்கிறார்கள். ஆண்டு விழாவில் கைதட்டலும் உண்டு. பணம் கட்டிச் செய்தால் திறமை, தேர்வில் செய்தால் தவறு போலிருக்கிறது.

'கடன் வாங்கிக் கழி' என்றே கேள்வி இருந்தால் மதிப்பெண் குறைப்பதில் நியாயம் உண்டு. வெறும் 'கழி' என்று கேட்டுவிட்டுக் குறைக்காதீர்கள். காரணத்தோடு வந்த சரியான விடைக்கு முழு மதிப்பெண் என்று, அடுத்த தேர்வுக்கு முன் விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்