‘பெரிய நாயனம்’ பற்றி இன்னும் சில வரிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் ஊர் நாதஸ்வரக் கலைஞர் காலமான செய்தியை நான்கு வரியில் வெளியிட்டிருந்தீர்கள். நன்றி. ‘உள்ளூர்க் கோயில் வாசிப்போடு நின்றுவிட்டவர்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. தகவலில் பிழையில்லை. ஆனால் மேலே போகத் தெரியாமல் தங்கிவிட்டவர் என்ற தொனி அதில் வந்துவிட்டது. அவருக்கு அடுத்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். அவர் தங்கியது தெரிந்தே செய்த காரியம்.

ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. ‘பெரிய நாயனம்’ என்றால் போதும். காலையில் பூபாள ராகம், இரவு பள்ளியறையில் தாலாட்டு ராகமான நீலாம்பரி, சாமி புறப்பட்டால் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு இசை. தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி, தேர் மல்லாரி என எது எப்போது என்பதில் அவரிடம் தவறு வந்து நான் கேட்டதில்லை. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடி ராகத்தை வாசித்துத் தீர்த்துவிட்டுப் போன சீமை இது. அதனாலோ என்னவோ, இவர் தோடியைக் கல்யாணப் பந்தலில் தொடவே மாட்டார். உற்சவ இரவில் சாமி மேல வீதி திரும்பி நிற்கும்போது மட்டும் எடுப்பார். தவில்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, தீவட்டிக்காரர்களும் அசையாமல் கேட்பார்கள். அந்தத் தோடியை எந்தச் சபா மேடையிலும் வைத்திருக்கலாம். என் அபிப்பிராயம் இது, மிகைப்படுத்தவில்லை.

திண்ணையில் உட்கார்ந்து சீவாளியை, அதாவது நாயனத்தின் நுனியில் செருகி ஊதும் நாணல் துண்டை, அவர் சரிசெய்வதைத்தான் நாங்கள் அதிகம் பார்த்திருக்கிறோம். கொள்ளிடக்கரை நாணலில் செய்த சீவாளியைத் திருவாவடுதுறையிலிருந்து வாங்கி வருவார். அது உடனே படியாது. வாயில் வைத்து ஊறவைத்து, ஊதிப் பார்த்து, பிளேடால் பட்டும் படாமலும் சுரண்டி, மறுபடி ஊதிப் பார்ப்பார். பக்கத்தில் அவர் மகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருப்பாள். தப்பு வந்தால் வாயிலிருக்கும் சீவாளியை எடுக்காமலே ‘பீப்’ என்று ஒரு சத்தம் கொடுப்பார். அவள் நிறுத்தி, திருத்திச் சொல்லிவிட்டுத் தொடர்வாள். தெருப்பிள்ளைகள் பலருக்கும் பதினாறாம் வாய்ப்பாடு அந்தச் சத்தத்தில்தான் வந்தது.

மேளக்காரர் வீடென்றால் வருமானம் குடியில் போகும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சே எனக்குப் பிடிக்காது. இவர் பந்தலிலிருந்து வந்ததும், அங்கவஸ்திரத்தைக்கூட எடுக்காமல் பணத்தை மனைவி கையில் கொடுத்துவிடுவார். கோயில் சம்பளம் பால் கணக்குக்கே பற்றாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. வைகாசியில் வந்ததை ஆடிக்கும், கார்த்திகையில் வந்ததை மார்கழிக்கும் அந்த அம்மா பிரித்து வைத்திருப்பார்கள். மூன்று பிள்ளைகளின் படிப்பும் அப்படித்தான் நடந்தது.

சிங்கப்பூரில் ஒரு கோயிலுக்கு ஒப்பந்தத்தில் வரும்படி அவருக்கு அழைப்பு வந்தது. நம் பக்கத்து மேளக்காரர்கள் எத்தனையோ பேர் அப்படிப் போய் வீடு கட்டியிருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் அவர் மனைவிக்கு மூட்டுவாதம் முற்றி, எழுந்து நடக்க முடியாமல் இருந்தது. இவர் போகவில்லை. விடியற்காலையில் எழுந்து உலை வைத்து, மனைவிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கடைக்குட்டிக்குத் தலை பின்னிவிட்டுத்தான் காலைச் சந்திப் பூசைக்கு வாசிக்கப் போவார். ஒருநாள் என் அப்பா, “ஏன் ஐயா, இவ்வளவு நல்ல இடத்தை விடலாமா?” என்று கேட்டதற்கு, “அங்கே போய் நீலாம்பரி வாசிச்சா இவ தூங்கினாளான்னு யாருங்க எனக்குச் சொல்லுவா?” என்றார். அதற்கு மேல் அப்பா கேட்கவில்லை.

பெண்ணுக்கும் நாயனம் சொல்லிக்கொடுத்தார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று உறவிலேயே முணுமுணுப்பு எழுந்தது. மதுரை பொன்னுத்தாய் வாசிக்கவில்லையா என்பதுதான் அவர் பதில். அந்தப் பெண் இன்று அரசு இசைப்பள்ளி ஒன்றில் ஆசிரியை. மகன் தவில் வாசிக்கிறார். ஆனால் அப்பா காலமெல்லாம் வாசித்த கோயிலில் இன்று தீபாராதனைக்கு மோட்டாரில் ஓடும் மேளம்தான் அடிக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். ஆச்சா மரத்தில் கடைந்த கருவிக்குக் கிடைத்த மரியாதை, அதை ஊதுகிறவருக்கும் கிடைக்க வேண்டாமா? அந்த மோட்டார் மேளத்தின் இடத்துக்கு அவர் மகனையே நியமிக்கும்படி ஊர்க்காரர்கள் மனு கொடுத்திருக்கிறோம். அதையும் ஒரு செய்தியாகப் போட்டால் உதவியாக இருக்கும்.

இன்னொரு வேண்டுகோள் உங்கள் வாசகர்களுக்கு. அவர் வாசிப்பு முறையாகப் பதிவாகவே இல்லை. கல்யாண வீடியோக்களைத் தேடிப் பார்த்தோம். அவர் கன்னம் உப்ப ஊதுவது தெரிகிறது. மேலே சினிமாப் பாட்டைப் போட்டு அசல் சத்தத்தை அழித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் காலத்தில் டேப் ரிக்கார்டரைப் பந்தல் காலில் கட்டித் தொங்கவிட்டவர்களும் இருந்தார்கள். கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது ‘கல்யாண மேளம்’ என்று எழுதிய கேசட் கிடந்தால், பூஞ்சை பிடித்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துடைத்துக் கணினியில் ஏற்றித் தர ஆள் இருக்கிறார். உங்கள் அலுவலகத்துக்குத் தகவல் தந்தால் பெரிய நாயனத்தின் மகளே நேரில் வந்து வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம் வட்டம்