விசுவாசப்பிரமாணத்தைச் சொல்ல முடியாத மகனுக்கு

சிங்கப்பூர்

அன்புள்ள மகனுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அம்மா எழுதிக்கொள்வது. இங்கு எல்லாரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலியும் சற்றுக் குறைந்திருக்கிறது.

மெல்பர்னில் நீ போகும் ஆலயத்தில், நாம் நம்புகிறவற்றைச் சபையாக எழுந்து நின்று அறிக்கையிடும் விசுவாசப்பிரமாணத்தைச் சொல்லும்போது, சரீரம் உயிர்த்தெழுதல் என்ற இடத்தில் உனக்கு வாய் அடைத்துப்போவதாக எழுதியிருந்தாய். வாரம் முழுவதும் ஆஸ்பத்திரியில் நோயுற்ற குழந்தைகள் பிரிவில் வேலை செய்துவிட்டு வந்து அந்த வரியைச் சொல்வது பொய்ச்சாட்சி சொல்வதைப்போல இருப்பதாகவும், ஆகையால் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்குப் போவதையும் நிறுத்திவிட எண்ணுவதாகவும் சொல்லியிருந்தாய். பாட்டிக்கு வாய்த்த கள்ளமற்ற விசுவாசம் உனக்கு வாய்க்கவில்லை என்ற வரியில் கொஞ்சம் பொறாமையும், மறைத்தாலும் தெரிகிற கொஞ்சம் இளப்பமும் இருந்தன. அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

பாட்டி ஜொகூர் தோட்டமொன்றில் வளர்ந்தவர். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்களே, அவர்களில் பாட்டியின் அண்ணனும் ஒருவர். திரும்பி வந்தவர்கள் சிலர்; அவர் வரவில்லை, செய்தியும் வரவில்லை. பாட்டி இரவு ஜெபத்தில் அண்ணனின் பெயரைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது உனக்கும் நினைவிருக்கும். மரித்தவர்களுக்காக ஜெபிப்பது நம் சபையின் வழக்கம் அன்று. ஆனால் அவர் மரித்துவிட்டார் என்று பாட்டியிடம் வந்து சொன்னவர்தான் யார்? "ஏன் என்று கர்த்தரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அவர் இன்னும் பதில் சொல்லவில்லை" என்று ஒருநாள் என்னிடம் மிகச் சாதாரணமாகச் சொன்னார். கேள்வியே இல்லாத மனுஷி என்று நீ எண்ணியவர், நீ இன்று கேட்கிற கேள்வியைப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே கேட்கத் தொடங்கியவர். அதை யாரிடம் கேட்பது என்பதில் மட்டும் அவருக்குக் குழப்பம் இருந்ததில்லை. எளிய விசுவாசம் என்று நான் மதிப்பது அதைத்தான்.

நீ ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் சபையில் வளர்ந்த பிள்ளை. ஆகவே நம் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியை உனக்கு நினைவூட்ட எனக்கு உரிமை உண்டு. 1736 ஜனவரியில் அவர் அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, கடும்புயலில் பெரிய பாய் கிழிந்து, அலை மேல்தளத்தை மூடியது. ஆங்கிலேயர் அலறினார்கள், அதே கப்பலில் இருந்த, மொரேவியர் என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்களோ பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தாமல் பாடினார்கள். உங்கள் பெண்களும் பிள்ளைகளும் பயப்படவில்லையா என்று பிறகு அவர் கேட்டதற்கு, எங்கள் பெண்களும் பிள்ளைகளும் சாவுக்குப் பயப்படுவதில்லை என்று ஒருவர் பதில் சொன்னார். வெஸ்லி அப்போதே குருப்பட்டம் பெற்றவர், ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் சொன்னவர். ஆயினும் அந்தச் சாதாரண ஜனங்களிடம் இருந்தது தம்மிடம் இல்லை என்று கண்டுகொண்டார். படித்தவர் ஒருவர் எளியவர்களின் விசுவாசத்தைப் பார்த்து இளப்பம் கொள்ளாமல் ஏக்கம் கொண்டதை நீ கவனிக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, விசுவாசம் இல்லாத நான் பிரசங்கிப்பதை விட்டுவிட வேண்டாமா என்று பீட்டர் போலர் என்னும் மொரேவியரிடம் கேட்டார். கேட்டுப்பார்த்தால் அது உன் கேள்விதான். விசுவாசம் உண்டாகும்வரை விசுவாசத்தைப் பிரசங்கியும், உண்டான பிறகு உண்டானதினாலே பிரசங்கிப்பீர் என்றார் போலர். வெஸ்லி அதற்குக் கீழ்ப்படிந்து, மரண தண்டனை பெற்ற ஒரு கைதியிடம் முதலில் போய்ப் பேசினார். 1738 மே 24 அன்று லண்டனின் ஆல்டர்ஸ்கேட் வீதியில் அவருடைய இருதயம் அனல்கொண்ட கதையை ஞாயிறு பள்ளியில் உனக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதே இரவு வீடு திரும்பியதும் சோதனைகள் அவரை அலைக்கழித்ததையும், அடுத்த ஜனவரியில் நான் இப்போது கிறிஸ்தவன் அல்லன் என்றே அவர் தம் நாட்குறிப்பில் எழுதியதையும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். அதை எழுதிய பின்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் பிரசங்கித்தார்.

சந்தேகம் முழுவதும் பிசாசின் வேலை என்று மேடையில் முழங்குகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. சந்தேகத்தைப் பட்டம்போல அணிந்து திரிகிறவர்களிடமும் இல்லை; அவர்களில் பலர் பதிலைத் தேடுவதை எப்போதோ நிறுத்திவிட்டவர்கள். யாரோ உன்னிடம் யாக்கோபின் வசனத்தைக் காட்டி, சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன் என்று பயமுறுத்தியதாக எழுதியிருந்தாய். அதற்கு முந்தின வசனத்தையும் படிக்கச் சொல். ஞானத்தில் குறைவுள்ளவன் ஒருவரையும் கடிந்துகொள்ளாத தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்று அங்கே எழுதியிருக்கிறது. மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் நோயுற்ற மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னான். முதலில் உன் அவிசுவாசத்தைத் தீர்த்துவிட்டு வா என்று ஆண்டவர் அவனை அனுப்பிவிடவில்லை, பிள்ளை சுகமானான். உன் பிரிவில் படுக்கையருகே உட்கார்ந்திருக்கும் தகப்பன்மாரைப் பார்க்கிறவன் நீ. அவனுடைய குரல் என்னைவிட உனக்கு நன்றாகக் கேட்கும். அங்கே சுகமாகாமற்போகிற பிள்ளைகளைப் பற்றி என்னிடம் பதில் இல்லை, பாட்டிக்கும் கிடைக்கவில்லை.

இயேசுவின் சீஷனான தோமாவை மட்டும் ஒன்றுக்காகச் சொல்கிறேன். உயிர்த்தெழுந்த கர்த்தரைக் கண்டோம் என்று மற்றச் சீஷர்கள் சொன்னதை அவனால் நம்ப முடியவில்லை. ஆனாலும் எட்டு நாளைக்குப் பின்பு அவர்களோடே அதே வீட்டிற்குள்தான் இருந்தான். அவர்களும் அவனை வெளியே போகச் சொல்லவில்லை, அவனும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை சபையோடு எழுந்து நில். அந்த வரி வரும்போது சொல்ல முடியாவிட்டால் சும்மா இரு. பக்கத்தில் நிற்பவர்கள் உனக்கும் சேர்த்துச் சொல்வார்கள். திருவிருந்தை நிறுத்தாதே. விசுவாசத்தில் குறைவுள்ளவர்களுக்கும் அது கிருபையின் வழி என்று வெஸ்லியே வாதாடியிருக்கிறார். உன் போதகரிடம் நிலைமையை மறைக்காமல் சொல்லிவிட்டுப் போ. அவர் தடை சொன்னால் எனக்கு எழுது, நம் சபைப் போதகரான ஐயரிடம் கேட்டு, வெஸ்லி எங்கே அப்படிச் சொன்னார் என்பதையும் தேடி அனுப்புகிறேன்.

உன் அம்மா