குழுவா எழுதுற பரீட்சை காப்பி இல்லைங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு கல்வி இணைப்புல ஆன்லைன் படிப்பு பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். பாதி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல ஒரு வரி, ஆன்லைன்ல மாணவங்கள குழுவா பரீட்சை எழுத விடுறது காப்பியடிக்க லைசென்ஸ் குடுக்குற மாதிரின்னு. எழுதினவர் இப்படி ஒரு பரீட்சைய நடத்துற யாருக்காவது ஒரு போன் போட்டு கேட்டிருந்தா அந்த வரி வந்திருக்காது. எங்க அப்பா காலத்துலேர்ந்து வீட்ல உங்க பேப்பர்தான், வேற பேப்பர்ல வந்திருந்தா விட்டிருப்பேன், உங்க பேப்பர்ல வந்ததுதான் மனசு ஆறல.

நான் தொலைதூரக் கல்வியில பி.காம் பசங்களுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்குறேன். முன்னாடி சனி ஞாயிறு கான்டாக்ட் கிளாஸ், இப்ப முழுசா ஆன்லைன். பசங்கன்னு சொல்றேனே தவிர பாதிப் பேருக்கு குடும்பம் குழந்தை இருக்கு, திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங்ல நிக்கிறவங்க, ஜவுளிக்கடையில வேலை பாக்குறவங்க, நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்காம கிளாஸ் கேக்குறவங்க. இவங்களுக்கு பக்கத்து பெஞ்சுன்னு ஒண்ணு கிடையாது. ஒரு சந்தேகம்னா கேக்க கூட ஆள் இல்லாம மூணு வருஷம் தனியா படிச்சு அரியர் வெச்சு பாதில நிறுத்துறவங்கள நான் நெறைய பாத்திருக்கேன். அதனாலதான் இன்டர்னல் டெஸ்ட்ட குழுவா நடத்த ஆரம்பிச்சேன்.

எப்படி நடத்துறோம்னு உங்க கட்டுரைல ஒரு வரி கூட இல்ல, அதனால நானே சொல்றேன். மொதல்ல எல்லாரும் தனித்தனியா எழுதணும், டைம் முடிஞ்சதும் ஃபார்ம் தானா மூடிரும், சரியா தப்பான்னு யாருக்கும் காட்டாது. அதுக்கப்புறம்தான் நாலு நாலு பேரா பிரேக்அவுட் ரூம்ல, அதாவது ஆன்லைன் கிளாஸ்குள்ளயே அவங்க மட்டும் பேசிக்கிற தனி ரூம்ல போடுவேன், யார் யார் சேரணும்னு அவங்க முடிவு பண்ண முடியாது, முந்தின டெஸ்ட் மார்க்க வெச்சு நான்தான் கலந்து பிரிப்பேன். கேள்வில கஷ்டமானது மட்டும் திரும்ப வரும். நாலு பேரும் பேசி ஒரே பதில், ஏன் அந்த பதில்னு ரெண்டு வரியும் சேத்து அனுப்பணும். ஒத்துக்காதவங்க இருந்தா தன் பதில தனியா அனுப்பலாம், அதுக்கும் எடம் இருக்கு. மார்க்குல 85 தனியா எழுதினதுக்கு, 15 குழுவுக்கு. குழு மார்க் தனி மார்க்க விட கொறஞ்சா தனி மார்க்கே நிக்கும், அதனால யாருக்கும் நஷ்டம் இல்ல. வீடியோ கட்டாயம் இல்ல, டேட்டா தீந்துரும்னு பயப்படுறவங்க கிட்ட கேமரா போடுன்னு சொல்ல எனக்கு மனசு வராது. நெட் போச்சுன்னா ரூம்ல இருக்குற ஒருத்தர் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சுக்கணும், அதையும் முன்னாடியே சொல்லி வெச்சிருவேன்.

இதுல காப்பி எங்கேர்ந்து வந்துச்சு? ஒண்ணும் படிக்காம உக்காந்திருக்குற ஆளுக்கு 85 யார் குடுப்பாங்க?

ஒரு ரூம்ல நான் சத்தமில்லாம கேட்டுட்டு இருந்தேன். ஒரு பையில 5 செவப்பு பந்து, 3 நீல பந்து, ஒண்ணு எடுத்து திரும்ப போடாம இன்னொண்ணு எடுத்தா ரெண்டும் செவப்பா இருக்க எவ்ளோ வாய்ப்பு. மூணு பேர் 25/64னு முடிவே பண்ணிட்டாங்க, அஞ்சுக்கு அஞ்சு, எட்டுக்கு எட்டுன்னு பெருக்கி. அது வரைக்கும் எந்த கிளாஸ்லயும் வாயத் தொறக்காத ஒரு பொண்ணு மைக் ஆன் பண்ணி, "அக்கா, மொத பந்து வெளிய வந்துருச்சுல்ல, இப்ப பையில ஏழுதான இருக்கு, செவப்பும் நாலுதான"ன்னா. கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் சண்டை, திரும்பப் போட்டா என்ன ஆகும் போடலன்னா என்ன ஆகும்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லி சொல்லி கடைசில 5/14க்கு வந்தாங்க. நான் போர்டுல போட்டு பல தடவ சொல்லியும் ஏறாத விஷயம். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு கிளாஸ்ல பேசுறா. உங்க கட்டுரை கணக்குப்படி அவ காப்பியடிக்க உதவி பண்ணிட்டா, அப்படித்தான ஆகுது?

இது நான் புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. ஹார்வர்ட்ல எரிக் மசூர் 1991லேயே இயற்பியல் கிளாஸ்ல மொதல்ல தனியா யோசி, அப்புறம் பக்கத்துல இருக்குறவங்க கூட பேசி திரும்ப பதில் சொல்லுன்னு ஆரம்பிச்சுட்டார். கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல மொதல்ல தனியா அப்புறம் குழுவான்னு டூ ஸ்டேஜ் எக்ஸாம் பல பாடத்துல நடக்குது. நியூ ஜெர்சி இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜில பேராசிரியை ராக்ஸேன் ஹில்ட்ஸும் அவங்க கூட இருந்தவங்களும் 2000க்கு அப்புறம் கொஞ்ச வருஷத்துலயே முழு பரீட்சையையும் ஆன்லைன்ல இப்படி நடத்திப் பாத்தாங்க, மாணவங்களே கேள்வி எழுதி, இன்னொருத்தர் பதில் எழுதி, கேள்வி போட்டவங்களே திருத்தி மார்க் போடுற மாதிரி. ஆசிரியரான உங்களுக்கு இதெல்லாம் தெரியாம இருக்காது, அந்தப் பக்கத்த அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்திருக்கலாமேன்னுதான் வருத்தம்.

காப்பின்னு எழுதினா வாசகர் படிப்பாங்க, அது எனக்கும் புரியுது. ஆனா கொரோனா சமயத்துல 2021ல நம்ம மாநிலத்துலயே ஆன்லைன் செமஸ்டர் எக்ஸாம்ல கேமரா வழியா கண்காணிக்கிற சாஃப்ட்வேர் சந்தேகப்பட்டுச்சுன்னு எவ்ளோ பசங்க ரிசல்ட்ட நிறுத்தி வெச்சாங்க, தலைய திருப்பினேன், வீட்ல சத்தம் கேட்டுச்சு, அதுக்கா சார்னு அழுத பசங்கள எனக்குத் தெரியும், கடைசில திரும்ப எழுத வெச்சாங்க. அப்ப நான் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன், வரல. பிட் அடிச்சு மாட்டினவன் செய்தி வருது, ஸ்குவாட் போனது வருது, சென்டம் எடுத்த பசங்க போட்டோ கோச்சிங் சென்டர் விளம்பரத்தோட வருது, பரீட்சைய வேற மாதிரி நடத்தி ஒரு மாணவிய பேச வெச்ச வாத்தியார பத்தி ஒரு வரி வந்து நான் பாத்ததில்ல. எங்க சென்டர்லயும் இதே கதைதான், இப்படி ஒரு கேள்வித்தாள் தயார் பண்ண எடுக்குற நேரம் எந்த கணக்குலயும் வராது, உங்களுக்கு ஏன் மேடம் இந்த வேலைன்னுதான் கேக்குறாங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். வீட்ல தனியா உக்காந்து எழுதுற ஆன்லைன் பரீட்சைக்கு இன்னிக்கு ஏஐ பதில் எழுதிக் குடுத்துரும், அது யார் எழுதினதுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. நாலு பேர் முன்னாடி "ஏன் ஏழு? ஏன் எட்டு இல்ல?"ன்னு கேட்டா அங்க வாய்விட்டு சொல்லித்தான் ஆகணும். படிக்காம வந்தது அங்கதான் சீக்கிரமா தெரியுது. கட்டுரைல ஏஐக்கு ஒரு பெரிய பத்தியே இருந்துச்சு, இது ரெண்டையும் சேத்து யோசிக்க யாருக்கும் தோணல.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. மொதல்ல தனியா எழுதி அப்புறம் குழுவா எழுதுற பரீட்சைக்கு அந்த வரி பொருந்தாதுன்னு அதே பக்கத்துல ரெண்டு வரி திருத்தம் போடுங்க. எடம் இருந்தா மேல நான் சொன்ன முறைய ஒரு சின்ன பெட்டிச் செய்தியா போட்டீங்கன்னா மத்த ஆசிரியர்களுக்கும் உதவும், என் பேர் கூட வேண்டாம். முடிஞ்சா வர்ற ஞாயிறே போடுங்க, அதுக்கு அடுத்த வாரம் எங்களுக்கு இன்டர்னல், உங்க கட்டுரைய வாட்ஸ்அப்ல போட்டு இது செல்லுமா மேடம்னு ரெண்டு மூணு பேர் இப்பவே கேக்குறாங்க.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
தூத்துக்குடி