நீ கேட்ட சாஃப்ட்வேர்

கேத்தி,
ஜனவரி 19

அன்புள்ள ராமு,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குப் பனியைக் குற்றம் சொல்லலாம். காலையில் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்க உப்பைக் கொட்டினாற்போல் கிடக்கிறது. விடியும் முன் எழுந்து ஸ்பிரிங்ளரைத் திறந்துவிட்டு, கேரட் தழை கருகாமல் காப்பாற்றுவதே பெரிய வேலை. ஆனால் காரணம் அதில்லை. நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இழுத்தடித்தேன்.

'மகளுக்குத் தெரியாமல் அவள் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறாள் என்று பார்க்க ஒரு சாஃப்ட்வேர் சொல்லு' என்று கேட்டிருந்தாய். சொல்லலாம்தான். போன வருஷம் நானே ஒன்றைப் போட்டேன். வீட்டுக்கு வெளியே யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கினோமே, அதே கம்ப்யூட்டர்தான். குளிர்காலத்தில் இந்த வீட்டில் தனியறை என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். குளிர்காயக் கரிச்சட்டி இருக்கிற அறையில்தான் எல்லோரும், கம்ப்யூட்டரும் அங்கேதான். ஆனால் பையன் பிளஸ் ஒன் வந்த பிறகு, நாங்கள் படுத்த பின்னும் அதன் முன்னால் உட்கார ஆரம்பித்தான். நான் எழுந்து வந்தால் திரை மாறும். கடைக்காரப் பையன் ஒருவன் பென் டிரைவில் ஒரு கீலாகர் போட்டுக் கொடுத்தான். விசைப்பலகையில் யார் எதைத் தட்டினாலும் ஒன்றுவிடாமல் ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். ஆன்டிவைரஸ் கத்தியது. அவன் சொன்னபடி அதை அணைத்துவிட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் பார்.

ஒரு வாரம் கழித்துத் திறந்தேன். பையன் தட்டியதில் கிரிக்கெட் ஸ்கோர், வேதியியல் சமன்பாடு, யாரோ ஒரு நண்பனோடு சண்டை, அவ்வளவுதான். அதற்கு நாலு வரி கீழே என் நெட்பேங்கிங் பாஸ்வேர்டு பச்சையாகக் கிடந்தது. நான் தட்டியதையும் அதுதானே எழுதியிருக்கிறது! அந்த ஃபைல் வேறு எங்காவது போய்ச் சேர்கிறதா என்று அதுவரை யோசிக்கவே இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் கீழே போனேன். இரவு 11:40. என் மனைவி, கம்ப்யூட்டரில் திறந்திருந்த வாட்ஸ்அப்பில் தங்கைக்கு எழுதியது. அந்த மாதம் கேரட் விலை விழுந்து, மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பிய லாரி வாடகைகூடக் கட்டவில்லை. வீட்டில் நான் மூச்சு விடவில்லை. 'இவர் எதையும் சொல்ல மாட்டேன் என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது' என்று தட்டியிருக்கிறாள். பிறகு பேக்ஸ்பேஸ், பேக்ஸ்பேஸ், எத்தனை முறை என்பது வரை கணக்கு இருந்தது. அதற்கப்புறம், 'இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம்.' தங்கைக்குப் போனது அந்த ஒரு வரி மட்டும்தான்.

மூன்று நாள் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நாலாம் நாள் சொல்லிவிட்டேன். கடன் விவரத்தையும் சேர்த்து. கத்துவாள் என்று நினைத்தேன். "அழிச்சதையுமா படிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

டேய், உன் அப்பா நினைவிருக்கிறதா? இன்லண்ட் லெட்டரைக் கிழிக்காமல் ஓரத்தில் இரண்டு விரல் விட்டு விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாரே. நீ என்ன செய்தாய்? உனக்குக் கடிதம் எழுதிய அந்தப் பெண்ணை என் வீட்டு முகவரிக்கு எழுதச் சொன்னாய். ஒன்றரை வருஷம் உன் கடிதங்களை என் புத்தகப் பைக்குள் சுமந்தவன் நான். உன் மகளுக்கும் அப்படி ஒரு சிநேகிதி இருப்பாள், அவளிடம் ஒரு போன் இருக்கும்.

கோர்ட்டிலேயே முப்பது வருஷம் ஓட்டியவனுக்கு 2017 ஆகஸ்ட் 24 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கம்பெனிகள் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது. வீட்டுக்குள் சொந்தத் தேவைக்குச் செய்வதை அந்தச் சட்டம் தொடாது. அப்பன்களுக்குத் தப்பித்துக்கொள்ள ஓட்டை இருக்கிறது, சந்தோஷமா?

சரி, கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடவும் சொல்லவில்லை. பயம் எனக்கும் உண்டு. இப்போது எங்கள் வீட்டில் இருப்பதைச் சொல்கிறேன். கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தேன், வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றினேன். விண்டோஸில் ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அட்மின் கணக்கு மட்டும் என்னிடம். மற்றவை சாதாரணக் கணக்குகள் என்பதால், கண்டதை இன்ஸ்டால் செய்யப் போனால் என் பாஸ்வேர்டு கேட்கும். ரூட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) 1.1.1.3 என்று போட்டிருக்கிறேன். கிளவுட்ஃபிளேர் என்ற இணையக் கம்பெனி 2020-இல் குடும்பங்களுக்கென்று இதை இலவசமாகத் தொடங்கியது. ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் தடுக்கும். யார் எதைத் தேடினார் என்று என்னிடம் வந்து கோள் சொல்லாது, அதனாலேயே எனக்குப் பிடித்தது. மொபைல் டேட்டாவுக்கு மாறிவிட்டால் இது உதவாது, தெரிந்துகொள். போனுக்குக் கூகுள் ஃபேமிலி லிங்க் உண்டு. அது ஒளிந்திருந்து பார்ப்பதில்லை, அப்பா எதையெல்லாம் பார்க்கலாம் என்பது பிள்ளைக்கும் தெரியும். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே போடு. ஒரு மணி நேரம் சண்டை நடக்கும், நடக்கட்டும்.

இன்னொன்று. உன் வாட்ஸ்அப்பிலும் உன் மனைவி வாட்ஸ்அப்பிலும் லிங்க்டு டிவைசஸ் என்ற இடத்தைத் திறந்து பார். போன் தவிர இன்னும் நாலு கருவிகளில் அது திறந்திருக்கலாம். இங்கே பார்த்தபோது, மைத்துனர் வீட்டு லேப்டாப்பில் என் கணக்கு ஏழு மாதமாகத் திறந்தே கிடந்தது. மைத்துனர் படித்தாரோ என்னவோ, நானும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு ஏது?

பையன் இப்போதும் நள்ளிரவு வரை உட்காருகிறான். என்ன என்று நேராகக் கேட்டேன். வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்கிறானாம், முடிந்ததும் காட்டுகிறேன் என்றான். இதுவரை காட்டவில்லை. நானும் விட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் அறைக்குள் போகும் முன் வாசலில் நின்று ஒரு முறை இருமுகிறேன். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அவன் எனக்குச் சுக்குக் காப்பி வாங்கி வைத்திருக்கிறான். என் மனைவிக்கு விஷயம் தெரியும், சொல்லவில்லை.

பிப்ரவரியில் வந்தால் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுத்துக்கொண்டு வா. மகளையும் கூட்டி வா.

அன்புடன்,
செல்வம்