பாலேடு மிதக்கும் தேநீர்

ரங்கூன்,
16-2-2025

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னதாகக் கைக்கு வந்தது. பேரனோடு சென்னையில் ஒரு வணிக வளாகத்துக்குப் போனதாகவும், அவன் ஆசையோடு வாங்கித் தந்த 'சீஸ் டீ'யை, "பீட்சாவில் போடுவதைத் தேநீரில் போட்டு எனக்கு எதற்குத் தருகிறாய்?" என்று கேட்டுத் தொடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். 1964இல் நீ கப்பலேறிப் போனதிலிருந்து இந்த அறுபது ஆண்டுக் கடிதப் போக்குவரத்தில் நான் உனக்கு அறிவுரை என்று எதுவும் சொன்னதில்லை. இம்முறை சொல்கிறேன்: போய்க் குடித்துவிட்டு வா. நான் இங்கே மூன்று முறை குடித்துவிட்டேன். மூன்றாம் முறை யாரும் அழைக்காமல் தனியாகவே போனேன் என்பதை என் பேத்திக்கு எழுதிவிடாதே.

முதல் முறை அவள்தான் அழைத்துப் போனாள். நாம் ஸ்காட் மார்க்கெட் என்று சொல்லிப் பழகிய போஜோ சந்தைக்கு அருகே, கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் கொண்ட, ஜவ்வரிசி உருண்டை போட்ட தேநீர் விற்கும் ஒரு 'பபிள் டீ' கடை. சர்க்கரை எவ்வளவு, பனிக்கட்டி எவ்வளவு என்று அங்கிருந்த பெண் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் முகல் தெரு முனைக் கடையில் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் எழுப்பிப் பையனைக் கூப்பிட்டு, இனிப்பும் கொழுப்பும் தூக்கலாக வேண்டுமென்றால் 'சோசெய்ன்' என்றும், சாயம் தூக்கலாக வேண்டுமென்றால் 'ஜாசெய்ன்' என்றும் சொல்வோமே, அதே கணக்கைத்தான் இவர்கள் முப்பது விழுக்காடு, ஐம்பது விழுக்காடு என்று எண்ணாகக் கேட்கிறார்கள். உனக்கு இரத்த அழுத்தம் வந்ததுபோல எனக்குச் சர்க்கரை வந்திருப்பதால் முப்பது என்றேன்.

வந்த கோப்பையைப் பார்த்தால் அடியில் தேன் நிறத்தில் தெளிந்த தேநீர், மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று நுரை. பக்கத்து மேசையில் ஜவ்வரிசி உருண்டை உறிஞ்சுவதற்காக வைத்திருந்த பருத்த உறிஞ்சுகுழல் ஒன்றை எடுத்து, நம் பர்மியப் பால் தேநீரான லபெயேயைக் கலக்குகிற பழக்கத்தில் அடிவரைக்கும் விட்டு நன்றாகக் கலக்கிவிட்டேன். குடித்தால் உப்புப் போட்ட பால் ஆறிப்போனதுபோல இருந்தது. முகத்தைச் சுளித்தேன். பேத்தி தலையில் அடித்துக்கொண்டு, தன் கோப்பையை என்னிடம் நகர்த்தி, குழலைத் தூக்கி எறியச் சொல்லி, குடிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தாள். மூடியிலுள்ள திறப்பில் வாயை வைத்துக் கோப்பையை ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகை சாய்க்க வேண்டும். அப்போது நுரை மேலுதட்டைத் தொட, அதன் அடியிலிருந்து தேநீர் நழுவி வந்து நாக்கில் சேரும். மீசையில் நுரை ஒட்டும்தான். நம் இருவருக்கும் மீசை முன்பே வெளுத்துவிட்டதால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

அந்த ஒரு வாயில்தான் நண்பா, எனக்கு விஷயம் விளங்கியது. நம் லபெயேயில் சாயமும் நொஸி என்கிற கெட்டிப்பாலும் அடுப்படியிலேயே ஒன்றாகிவிடுகின்றன. தேநீரின் துவர்ப்பைப் பாலிலுள்ள புரதம் பிடித்து அடக்கிவிடுவதால் அங்கே நாம் குடிப்பது இரண்டும் கலந்து பிறந்த மூன்றாவது ஒரு சுவை. இதில் அப்படியில்லை. பால் தனியாக, தேநீர் தனியாகக் கோப்பையில் இருந்துவிட்டு நம் வாய்க்குள் வந்துதான் சந்திக்கின்றன. முதலில் கொழுப்பும் சிறிது புளிப்பும் உப்பும், அதன் பின்னாலேயே மல்லிகை மணத்தோடு பச்சைத் தேயிலையின் துவர்ப்பு. கலக்கியவன் இதைக் குடிக்கவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நீ பயந்த சீஸ் வேறு, இது வேறு. பீட்சாவில் இழுத்தால் நூலாக வருவதோ, பெட்டியில் கட்டியாக விற்பதோ இல்லை இது. பாலையும் பாலேட்டையும் புளிக்கவைத்து நீரை வடித்த, பழுக்கவிடாத மென்மையான 'கிரீம் சீஸ்'. துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிருக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள். அதோடு கொழுப்பு மிகுந்த பாலேடு, கொஞ்சம் பால், சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அடித்தால், காற்றேறி இலேசாகித் தேநீரின் மேல் மிதக்கிறது. தேநீர் குளிர்ந்திருந்தால்தான் அது நிலைக்கும். சீனத்தில் இதற்குப் 'பால் மூடி' என்று பொருள்படும் பெயராம். சீனர் பகுதியான லத்தாப் பக்கத்துச் சீனத் தோழியிடம் கேட்டு வந்து பேத்தி அதைச் சொல்லிக் காட்டியபோது என் காதில் அது 'நாய்காய்' என்று விழுந்தது. வீட்டில் இரண்டு நாள் அதுவே சிரிப்பாகப் போயிற்று.

இதன் பிறப்பிடம் தைவானின் இரவுச் சந்தைகள். சுமார் 2010இல் அங்கே சீஸ் பொடியையும் உப்பையும் பாலேட்டோடு அடித்துத் தேநீரின் மேல் ஊற்றி விற்றிருக்கிறார்கள். பொடிக்குப் பதிலாக உண்மையான கிரீம் சீஸைப் பயன்படுத்திப் பேர் வாங்கியவர் சீனத்தின் குவாங்டொங் மாகாணத்து ஜியாங்மென் நகரில் 2012இல் சிறு கடை திறந்த நியே யுன்சென் என்ற இளைஞர். அப்போது அவருக்கு இருபது வயதைக் கடந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தக் கடைதான் பின்னர் 'ஹேடீ' என்ற பெயரில் ஷாங்காயில் மக்களை மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வைத்தது. பபிள் டீயை முதலில் கண்டுபிடித்தது தாங்களே என்று தைவானின் தைச்சுங், தைனான் நகரங்களைச் சேர்ந்த இரண்டு தேநீர்க் கடைகள் பத்தாண்டு வழக்காடியதும், அது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பானம், யார் முதல் என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை என்று 2019இல் நீதிமன்றம் கைகழுவியதும் உனக்குச் சுவையாக இருக்கும். இட்லி எந்த ஊரில் பிறந்தது என்று நீயும் நானும் போட்ட சண்டையை நினைத்துக்கொண்டேன்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது அந்தச் சிட்டிகை உப்புதான். உப்பு கசப்பை அமுக்கிவிடும். நாக்கு கசப்பை உணரும் அளவைக் குறைத்துவிடுகிறது. நம் முனைக் கடைக்காரர் சாயம் கொதிக்கும்போது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எதையோ கிள்ளிப் போடுவாரே, சர்க்கரை என்று நீ அடித்துச் சொல்வாய், உப்பு என்று நான் சொல்வேன். இன்னும் சில பழைய கடைகளில் அப்படிப் போடுகிறார்கள் என்று இப்போது நேரில் கேட்டே தெரிந்துகொண்டேன். ஆகவே அறுபது ஆண்டுக்குப் பிறகு அந்தப் பந்தயத்தில் வென்றது நான். கூடுதலாகக் காசு கொடுத்தவர்களுக்கு அவர் பால் சட்டியிலிருந்து ஏட்டை வழித்துக் கோப்பையின் மேல் மிதக்க விடுவதும் உனக்கு மறந்திருக்காது. பர்மியர்கள் அதை 'மலைங்' என்கிறார்கள். வட இந்தியாவிலிருந்து வந்தவர்களின் 'மலாய்' அது. காஷ்மீரத்து உப்புத் தேநீரிலும் ஏடு மிதக்கும் என்று சொல்வார்கள். ஏடும் உப்பும் தேநீரும் சேர்ந்தது நமக்குப் புதிதே அல்ல. பெயர்தான் வாயில் வராத பெயராக இருக்கிறது.

இரண்டாம் முறை குடித்ததைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வேறொரு கடை, மின்சாரம் போய் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது, நுரை பொடியில் செய்தது, நாக்கில் மாவாக ஒட்டியது, அடியிலிருந்த தேநீரோ சாயத் தண்ணீர். மேலே எவ்வளவு அழகாக மூடினாலும் தேநீர் நன்றாக இல்லாவிட்டால் பயனில்லை என்பது அங்கே புரிந்தது. மூன்றாம் முறை முதல் கடைக்கே போய், பால் சேராத ஊலாங் தேநீரின் மேல் நுரை கேட்டேன். பாதியளவு பதப்பட்ட அந்த இலையின் வறுத்த மணத்துக்கு இந்த உப்பு நுரை பொருந்துவதுபோல வேறெதற்கும் பொருந்தவில்லை. நீ முதலிலேயே ஊலாங் கேள். ஜவ்வரிசி உருண்டை வேண்டாம் என்று சொல்லிவிடு. மரவள்ளி மாவுதான், சேலத்து ஜவ்வரிசிக்குப் பங்காளிதான், ஆனால் அதற்குக் குழல் வேண்டும், குழல் வந்தால் நுரை கெட்டது.

குறையும் உண்டு. ஒரு கோப்பை விலையில் முனைக் கடையில் நாலைந்து லபெயே குடிக்கலாம். அதோடு, மேசையில் காசு கேட்காமல் யேநுவேஜான் என்னும் வெறும் பச்சைத் தேநீர்க் குடுவை வைத்து, ஒரு கோப்பைக்கு ஒரு பகல் முழுக்க உட்கார விடுகிற அந்த வழக்கம் இந்தப் புதுக் கடைகளில் இல்லை. நுரை கரைவதற்குள் குடித்துவிட வேண்டும் என்பதால் பேச்சும் அரைமணிக்குள் முடிந்துவிடுகிறது. என் பேத்தியும் அவள் தோழிகளும் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். நாம் அப்படி எழுந்திருந்தால் உனக்கு இவ்வளவு கடிதம் எழுத எனக்கு விஷயமே இருந்திருக்காது.

உனக்கு உப்பு ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருப்பது நினைவிருக்கிறது. மாதம் ஒரு கோப்பைக்கு அவரையே கேட்டுக்கொள். பேரனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், "நுரை அதிகமாகவா, குறைவாகவா?" என்று மட்டும் கேள், அவனே புரிந்துகொள்வான். குடித்த அன்றே எழுது: எந்த இலை, சர்க்கரை எத்தனை விழுக்காடு, கலக்கினாயா இல்லையா. கலக்கியிருந்தால் அதையும் மறைக்காதே.

அன்புடன்,
உன் பழைய முக்காலித் தோழன்