வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு மெதுவான தொடக்கம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தந்தையார் விட்டுச்சென்ற வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரில், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ஜிஇசட்34 என்ற ரெக்டிஃபயர் வால்வு பழுதடைய, அதை எடுத்துவிட்டு, பழுதுபார்த்தவர் அவ்விடத்தில் சிலிக்கான் டயோடுகளைப் பொருத்திக் கொடுத்தார். இரண்டே வாரத்தில் அந்த நேர்மின்னோட்டத்தைச் சீராக்கும், 450 வோல்ட் வரை தாங்கும் ஃபில்டர் கெபாசிட்டர் உப்பி, அடியில் பிசுபிசுப்பான திரவம் கசிந்திருந்தது.

காரணம் எளியது. ஜிஇசட்34 தானே மெல்லச் சூடாவதால் உயர் மின்னழுத்தமும் மெல்லவே ஏறும். டயோடோ ஸ்விட்ச் போட்ட கணமே மின்சாரத்தைக் கடத்திவிடும். மற்ற வால்வுகள் சூடாகி மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்கும்வரை, டிரான்ஸ்பார்மரின் 350 வோல்ட் மாறுமின்னழுத்தம், தன் உச்சமதிப்பான சுமார் 495 வோல்ட்டாகக் கெபாசிட்டர் மீது நிற்கும். ஆகவே டயோடு பொருத்துவோர் உயர் மின்னழுத்தத்தை அரை நிமிடமாவது தாமதிக்கும் ரிலேயையும் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), உச்ச மின்னழுத்தத்தைத் தாங்கும் கெபாசிட்டரையும் சேர்த்தே பொருத்த வேண்டும்.

தொடக்க மின்னோட்டப் பாய்ச்சல் வேறு சிக்கல். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை, சூடானபோது உள்ளதில் சிறு பங்கே என்பதால், தொடக்கத்தில் அது பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்; காலியான கெபாசிட்டரும் அவ்வாறே. 230 வோல்ட் இணைப்பில் 47 ஓம் கம்பிச்சுற்று ரெசிஸ்டரைத் தொடரில் வைத்தால் உச்சப் பாய்ச்சல் 7 ஆம்பியருக்குள் அடங்கும். ஓரிரு நொடிகளில், மின்சாரம் அந்த ரெசிஸ்டரைத் தவிர்த்து நேரே செல்லும்படி ஒரு ரிலே இணைத்துவிட வேண்டும். அதற்குப் பதில், சூடாகச் சூடாக மின்தடை குறையும் தெர்மிஸ்டரை வைப்பது மலிவானதுதான், ஆனால் மின்சாரம் போய் உடனே திரும்பினால், ஆறாத தெர்மிஸ்டர் எதையும் தடுக்காது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டுவதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை