'நைட்பேர்ட்ஸ்' ஆல்பத்தை முழுசாகப் பதிவேட்டில் சேருங்கள்

அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பாதுகாப்பு வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2020ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் மூன்று கறுப்பினப் பெண்கள் பாடிய அமெரிக்கக் குழுவான லபெலின் 'லேடி மர்மலேட்' பாட்டைச் சேர்த்தீர்கள். 2021 மார்ச்சில் அந்தப் பட்டியல் வெளிவந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அதே ஆண்டு செப்டம்பரில் குழுவின் மூவரில் ஒருவரான சாரா டாஷ் காலமானார். அவர் உயிரோடு இருக்கும்போதே இந்த மரியாதை வந்து சேர்ந்ததற்கு முதலில் நன்றி. அடுத்தது ஒரு கோரிக்கை: அந்தப் பாட்டு இடம்பெற்ற 1974ஆம் ஆண்டு ஆல்பம் 'நைட்பேர்ட்ஸ்' முழுவதையும் பதிவேட்டில் சேருங்கள்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். லபெல் என்றால் அந்த ஒரு பாட்டை மட்டும் தெரிந்தவர்கள் இங்கேயும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு 2001இல் கிறிஸ்டினா அகிலேரா, லில் கிம், மியா, பிங்க் நால்வரும் பாடிய வடிவம்தான் அறிமுகம். அவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பாட்டுதான் ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கிறதே, ஆல்பம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 'லேடி மர்மலேட்' பாப் க்ரூ, கென்னி நோலன் என்ற இரண்டு ஆண்கள் எழுதியது. நியூ ஆர்லியன்ஸில் ஒரு பாலியல் தொழிலாளியையும் அவளைத் தேடி வந்த ஒருவனையும் பற்றியது. அருமையான பாட்டு, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் ஆல்பத்தின் பத்துப் பாடல்களில் ஐந்தை எழுதியவர் நோனா ஹெண்ட்ரிக்ஸ். குழுவுக்குள் இருந்துகொண்டே, தாங்கள் மூவரும் பாடப்போவதைத் தானே எழுதிய கறுப்பினப் பெண். பெண்கள் குழுவுக்குப் பாட்டெழுதுவதும் இசையமைப்பதும் பெரும்பாலும் ஆண்களின் வேலையாகவே இருந்த காலம் அது. அவர் எழுதிய அந்த ஐந்தில் ஒன்றுகூட உங்கள் பதிவேட்டில் இல்லை.

அந்த ஐந்தையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். 'ஆர் யூ லோன்லி' பெருநகரத்தில் வாழ்கிறவர்களின் தனிமையை விசாரிக்கிறது. 'ஸ்பேஸ் சில்ட்ரன்' பூமியைவிட்டே வெளியே போய்விடுகிறது. 'யூ டர்ன் மீ ஆன்' ஒரு பெண் தன் ஆசையைத் தன் வாயாலேயே, எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வது. 'லேடி மர்மலேட்' ஒரு பெண்ணை வெளியிலிருந்து பார்க்கும் கதை என்றால், இது உள்ளேயிருந்து வரும் குரல். இரண்டும் ஒரே இசைத்தட்டில் இருக்கின்றன என்பதுதான் எனக்கு முக்கியம். ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து வைத்தால் அந்த உரையாடலே காணாமல் போய்விடுகிறது. அப்புறம், ஆல்பத்தின் பெயருக்கே காரணமான 'நைட்பேர்ட்' இருக்கிறது. மூவரின் குரலும் எந்த அளவுக்கு ஒன்றையொன்று தாங்கி நிற்கிறது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு பாட்டே போதும். நோனாவின் குரல் கீழே, சாராவின் குரல் உயரத்தில், நடுவில் புகுந்து இரண்டையும் தாண்டிப் போகும் பேட்டி லபெலின் குரல். பேட்டி பிலடெல்பியாவில் சர்ச் கொயரில் பாடி வளர்ந்தவர். சாராவின் அப்பா போதகர். இருவரின் தேவாலயப் பயிற்சியும் நோனாவின் வரிகளில் ஏறும்போது என்ன ஆகிறது என்பது 'லேடி மர்மலேட்'டில் பாதிதான் தெரியும்.

இந்த இடத்துக்கு வந்து சேர அவர்களுக்கு ரொம்ப காலம் பிடித்தது. 1960களின் தொடக்கத்தில் 'பேட்டி லபெல் அண்ட் தி புளூபெல்ஸ்' என்ற பெயரில் பாடியபோது அவர்கள் நால்வர். ஒரே மாதிரி கவுன், ஒரே மாதிரி விக், அடக்கமான சிரிப்பு. 1967இல் நால்வரில் ஒருவரான சிண்டி பேர்ட்சாங் சுப்ரீம்ஸ் என்ற இன்னொரு பெண்கள் குழுவுக்குப் போய்விட்டார். மிச்சமிருந்த மூவரும் கலைந்துபோயிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் 'ரெடி ஸ்டெடி கோ' நிகழ்ச்சியைத் தயாரித்த விக்கி விக்கம் மேனேஜராக வந்து பெயர், உடை, பாட்டு என எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். 1971இல் 'தி ஹூ' ராக் குழுவின் கச்சேரிகளில் முதலில் மேடையேறிப் பாடினார்கள். வார்னர் பிரதர்ஸில் இரண்டு ஆல்பம், ஆர்சிஏவில் ஒன்று. எதுவும் பெரிதாக விற்கவில்லை. நான்காவது ஆல்பத்துக்காக எபிக் நிறுவனத்துக்கு வந்தார்கள். அதுதான் 'நைட்பேர்ட்ஸ்'.

ஒலிப்பதிவு நியூ ஆர்லியன்ஸில், சீ-செயின்ட் ஸ்டுடியோவில் நடந்தது. இசைத் தயாரிப்பாளர்களான ஆலன் டூசான்ட்டும் மார்ஷல் சீஹார்னும் 1973இல் தொடங்கிய இடம். தயாரிப்பு டூசான்ட்டும் விக்கி விக்கமும். வாசித்தவர்களில் நியூ ஆர்லியன்ஸின் ஃபங்க் இசைக் குழுவான மீட்டர்ஸின் ஜார்ஜ் போர்ட்டர் பேஸிலும், லியோ நொசென்டெல்லி கிட்டாரிலும், ஆர்ட் நெவில் ஆர்கனிலும் இருந்தார்கள். 'லேடி மர்மலேட்'டின் டிரம்ஸ் ஹெர்மன் எர்னஸ்ட். ஹெட்போனில் கேட்கும்போது பாடகிகளைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். போர்ட்டர் தேவையில்லாத ஒரு சுரம்கூட வாசிப்பதில்லை. அவர் விட்டுவைக்கும் இடைவெளியில்தான் பியானோ துள்ளுகிறது, பித்தளைக் கருவிகள் வெட்டிவிட்டுப் போகின்றன, பின்குரல்கள் வந்து உட்காருகின்றன. இந்தக் கட்டுமானம் ஆல்பம் முழுக்க இருக்கிறது. 'வாட் கேன் ஐ டூ ஃபார் யூ' அதே வாத்தியங்களை வைத்துக்கொண்டு, மக்களுக்கு உண்மை வேண்டும், வெறுமனே நாளைக் கடத்தாமல் வாழ வேண்டும் என்று பேசுகிறது. நடனக் கூடங்களில் மக்கள் அதற்கும் ஆடினார்கள். அரசியல் பேசும் பாட்டுக்கும் ஆட முடியும் என்று காட்டிய ஆல்பம் இது.

2005இல் கத்ரீனா சூறாவளி வெள்ளம் அந்த ஸ்டுடியோவையும் விட்டுவைக்கவில்லை. பதிவான இடத்துக்கு அந்தக் கதி வந்த பிறகு, பதிவுக்கு உங்கள் பாதுகாப்பைக் கேட்பதில் அதிகப்படி எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1974 அக்டோபர் 6ஆம் தேதி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் பாடினார்கள். அந்த மேடையில் கச்சேரி செய்த முதல் கறுப்பினப் பாப் குழு. ரசிகர்களை வெள்ளி நிறத்தில் ஏதாவது அணிந்து வரச் சொன்னார்கள், வந்தவர்களும் அப்படியே வந்தார்கள். மேடையில் லாரி லெகாஸ்பி வடிவமைத்த உடைகள். பின்னாளில் கிஸ் ராக் குழுவுக்கும் உடை வடிவமைத்தவர் அவர். மறு ஆண்டு மார்ச்சில் 'லேடி மர்மலேட்' பில்போர்டு இதழின் பாடல் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. ரோலிங் ஸ்டோன் இதழின் அட்டையிலும் மூவரும் வந்தார்கள். பாட்டு முதலிடத்துக்கு வருவதற்கு மாதங்கள் முன்பே அந்த அரங்கில் அவர்கள் பாடிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ஹிட் பாட்டு கூட்டத்தைக் கொண்டுவரவில்லை, கூட்டம் முன்னமே இருந்தது.

நீங்கள் 'லேடி மர்மலேட்'டைச் சேர்த்த அதே பட்டியலில் ஜேனட் ஜாக்சனின் 'ரிதம் நேஷன் 1814', நாஸின் 'இல்மாட்டிக்', ஜாக்சன் பிரவுனின் 'லேட் ஃபார் தி ஸ்கை' மூன்றும் முழு ஆல்பங்களாகவே இடம்பெற்றன. அது சரியான முடிவு. 'இல்மாட்டிக்'கிலிருந்து ஒரே ஒரு பாட்டை மட்டும் எடுத்திருந்தால் நாஸ் என்ற அந்தப் பையன் வளர்ந்த நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பு நமக்கு முழுசாகக் கிடைத்திருக்காது. நோனா ஹெண்ட்ரிக்ஸுக்கும் அதே அளவுகோலைத்தான் கேட்கிறேன். பண்பாடு, வரலாறு, அழகியல் என்று நீங்கள் வைத்திருக்கும் மூன்று தகுதிகளில் எதை எடுத்துக்கொண்டாலும் இந்த ஆல்பம் தேறிவிடும்.

ஆண்டுக்கு 25 பதிவுகளைச் சேர்க்கிறீர்கள், பொதுமக்களின் பரிந்துரைகளையும் வாங்கிக்கொள்கிறீர்கள். இந்த ஆல்பத்தைப் பரிந்துரைக்கும்படி நண்பர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சேர்க்கும்போது இன்னொன்றும் செய்யுங்கள்: குறிப்பில் குழுவின் பெயரோடு நிறுத்திவிடாமல் பேட்டி லபெல், நோனா ஹெண்ட்ரிக்ஸ், சாரா டாஷ் என மூவரின் பெயரும், ஒவ்வொரு பாட்டையும் எழுதியவரின் பெயரும், நியூ ஆர்லியன்ஸில் வாசித்தவர்களின் பெயரும் வரட்டும். பேட்டியும் நோனாவும் அதைப் படிக்க இன்று நம்மோடு இருக்கிறார்கள். தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
லபெல் ரசிகர் ஒருவர்